ஒரு படியோடு நின்ற எச்சரிக்கை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ரத்தம் கொதிக்கிற கதை ஒன்று சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்பும் நிரலை, பொறியியலாளர் பார்த்தீபனும் அந்தத் தோட்டத்துப் பெண் ஜெசீகாவும் எழுதினார்கள். கணினியில் தோட்டத்தின் கீழ் லயம் என்னும் வரிசை வீடுகள், லயத்தின் கீழ் காம்பரா என்னும் ஓரறை வீடுகள் என்று பெயர்கள் கிளைவிட்டிருந்தன. ஒரு பெயரைக் கொடுத்தால் அதன் நேர் கீழுள்ள பெயர்களைத் தரும் சி மொழி நூலகச் செயற்கூறு ஒன்றைப் பார்த்தீபன் லயங்களுக்கு ஓட்டினார்.

ஒத்திகையன்று எல்லாக் காம்பராக்களிலும் போன் அடித்தது. சரிவை ஒட்டிய ஜெசீகாவின் அண்ணன் வீட்டில் மட்டும் அடிக்கவில்லை.

“லயத்துக்குக் கீழ அப்பிடியொரு வீடு இல்லைப் பிள்ளை,” என்றார் பார்த்தீபன்.

“காம்பராவுக்குக் கீழ இருக்கு சார்! மகன் கல்யாணம் முடிச்சா அப்பன் காம்பராவுக்குப் பின்னாலதான் சாய்ப்புக் கூரை எறக்கி வீடு கட்டுறோம். பதிவும் அப்படித்தான். உங்க செயற்கூறு ஒரு படியோட நின்னுருது. மண்ணு நிக்குமா?”

“அடுத்த மாசம் பாப்பம்.”

“மழை உங்ககிட்ட மாசம் கேட்டுட்டா வருது?”

ஜெசீகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்த ஒவ்வொரு பெயரையும் அதே செயற்கூறிடம் திரும்பக் கொடுத்து, கீழே ஒன்றுமில்லை என்று வரும்வரை தேட வைத்தாள். அண்ணன் வீட்டிலும் போன் அடித்தது. அண்ணி பதறிக் கூப்பிட்டாள்.

“என்னடி, மண்ணு வருதா?”

“இல்ல அண்ணி, எனக்குக் கோவம்தான் வருது.”

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல், கூரை நனையாமல், ஆண்டவர் காக்கட்டும்.