கேள்வி கேட்கும் பிள்ளை

"'நிறைய கேள்வி கேட்பான்'னு நான் எழுதணும்னா அவன் கேக்கணும்ல மேடம்?"

ரத்தினபாய் மிஸ் படிவத்தை ரோஹிணியின் பக்கம் தள்ளினார். தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர்ப் பள்ளியில் அனிருத்தின் வகுப்பாசிரியை அவர். தோஹாவில் வேலை பார்க்கும் ரோஹிணியின் கணவர் ஜெயகிருஷ்ணன், நீச்சல் குளத்தின் நீளம்வரை ஒப்பிட்டுப் பார்த்து மகனுக்கு ஒரு பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தார். அங்கே இடம் கிடைத்தால்தான் அம்மாவும் பிள்ளையும் அவரிடம் போக முடியும். அந்தப் பள்ளிக்கோ மதிப்பெண் வேண்டாமாம். பையனுக்கு அறியும் ஆர்வம் உண்டு என்று ஆசிரியர் சாட்சி சொன்னால் போதுமாம். இன்றுதான் கடைசி நாள்.

"போன வருஷம் நிறைய கேட்டானே மிஸ்."

"கேட்டான். டைரில சிவப்பு இங்க்ல எழுதி அனுப்பினேன். இனிமே கேக்க மாட்டான்னு உங்க ஹஸ்பண்ட்தான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடி கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. அதுலேர்ந்து வாயே திறக்கறதில்ல. தங்கமான பையன்."

தாம்பரத்தில் ஒழுங்கீனமாக இருப்பது விமானம் ஏறினால் தகுதியாகிவிடும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

"இப்ப ஒரு கேள்வி கேட்டா எழுதுவீங்களா மிஸ்?"

"கேக்கட்டும், எழுதறேன். பொய் மட்டும் எழுத மாட்டேன்."

இருவரும் அனிருத்தைப் பார்த்தார்கள். பள்ளி கற்றுக்கொடுத்தபடி அவன் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து நின்றான்.

"கண்ணா, மிஸ்கிட்ட ஏதாவது ஒண்ணு கேளுடா."

அனிருத் விரலை எடுத்து, "கேக்கலாமா மிஸ்?" என்றான்.