பொங்கல் படத்தின் மூன்று பிரதிகள்

ஒன்றுகூடலாம், ஒன்றுகூடல்! கந்தையர் பரம்பரை முழுவதும் உருத்திரபுரத்து வீட்டு முற்றத்தில் கூடப்போகிறது, கனடாவிலிருந்து கௌசலா வருகிறாள், எழுபது பேருக்குச் சமையல் என்று ஊரே கதைத்தது. ஞானேஸ்வரிக்கு அதில் ஒரு மண்ணும் தேவைப்படவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரேயொரு படம்.

அது 2005 தைப்பொங்கலுக்கு எடுத்தது. சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணப் பாதை திறந்திருந்த காலம். கோப்பாயிலிருந்து அண்ணர் செல்வநாயகம் குடும்பத்தோடு வந்தார். தங்கச்சி கௌசலா கனடாவிலிருந்து வந்து இறங்கினாள். ஸ்ரூடியோக்காரரைக் கூப்பிட்டு வாசலில் எல்லாரையும் நிறுத்தி எடுத்தார்கள். மூன்று பிரதி கழுவி, அண்ணருக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று, ஞானேஸ்வரிக்கு ஒன்று. பின்வரிசையில் கோடு போட்ட சேட்டோடு நின்றவன் அவளுடைய மகன் ரஜிதன். அப்போது பதினாறு வயது. கமரா என்றால் வேலி பாய்ந்து ஓடுகிற சென்மம். அன்றைக்கு மாமன் கையைப் பிடித்து இழுத்து வந்ததால் அகப்பட்டான்.

2009இல், கடைசிச் சண்டைக்குள் அவன் காணாமற்போனான். இடப்பெயர்வில் அல்பம், பள்ளிக்கூட அடையாள அட்டை எல்லாம் போய்விட்டன. பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கொண்டுவந்த அந்த ஒரு படம்தான் மிஞ்சியது. முகாமில் பதிவு எடுக்க வந்தவர்கள், "தலைப்படம் வேணும், கூட்டமா நிக்கிற படம் சரிவராது" என்றார்கள். முள்ளுக்கம்பிக்குள் கொப்பி எடுக்க எங்கே கடை? பக்கத்துக் கூடாரத்தில் கத்தரிக்கோல் இரவல் வாங்கி, மகனின் தலையைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தாள். திருப்பித் தருவோம் என்றார்கள். தந்தார்கள், நல்லாய்த் தந்தார்கள்!

வெட்டும்போது அவள் யோசிக்கவில்லை. அண்ணரிடம் ஒன்று, தங்கச்சியிடம் ஒன்று இருக்கிறதுதானே என்ற தைரியம்.

பிறகு ஏன் கேட்கவில்லை என்றால், ரோசம். முகாமால் வந்து முதல் தரம் கோப்பாய்க்குப் போனபோது, அண்ணர் வீட்டு விறாந்தைச் சுவரில் தொங்கிய படத்தைக் காணவில்லை. ஆணி மட்டும் நின்றது. ஆமி வந்து இது ஆரென்று கேட்டால் கரைச்சல் என்று மனுசன் கழற்றி அலுமாரிக்குள் ஒளித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டாள். கௌசலாவோ கிழமைக்கு ஒருக்கால் கோல் எடுப்பாள். மழையைக் கேட்பாள், நெல்லைக் கேட்பாள், பெடியனைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டாள். பதினாறு வருசம்! என் பிள்ளையை வேண்டாதவர்களிடம் நான் ஏன் போய் நிற்க வேண்டும் என்று ஞானேஸ்வரியும் இருந்துவிட்டாள்.

ஆனால் இந்த இரண்டு வருசமாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ரஜிதனின் நடை நினைவிருக்கிறது. குசினி வாசலில் நின்று "அம்மா, சோறு" என்று கத்துகிற குரல் நினைவிருக்கிறது. முகம் மட்டும் நழுவுகிறது. பெற்ற தாய் இதை யாரிடம் போய்ச் சொல்வது? மகள் சுதாஜினிக்குக்கூட அவள் சொல்லவில்லை. அதனால்தான், "எல்லாரும் பழைய படங்களைக் கொண்டு வாங்கோ" என்று கௌசலா வட்ஸ்அப்பில் போட்டபோது, கேட்காமலே கிடைக்கப்போகிறது என்று நாள் எண்ணத் தொடங்கினாள்.

அன்றைக்கு மாமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே நைலோன் கயிறு கட்டி, உடுப்புக் கிளிப்பால் படங்களைக் கொழுவியிருந்தார்கள். முதலில் அப்பா கந்தையர், ஐம்பதுகளில் கோப்பாயை விட்டு வந்து காடு வெட்டிக் குடியேற்றக் காணியில் மண்வெட்டியோடு நிற்கிறார். பிறகு கலியாணங்கள், சாமத்தியவீடுகள், முதல் உழவு மெசின். ஞானேஸ்வரி கயிற்றின் இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரை இரண்டு தரம் நடந்தாள். பொங்கல் படம் இல்லை.

"அண்ணை, பொங்கல் படம் எங்கை?"

"பிறகு பாப்பம், ஞானம். முதல்லை சாப்பிடு."

தங்கச்சியைக் கேட்டாள். கௌசலா முகத்தைப் பார்க்காமல், "சூட்கேசுக்குள்ளை கிடக்கு அக்கா. நீங்கள் உங்கடையைக் கொண்டு வரேல்லையோ?" என்றாள்.

அவ்வளவுதான். ஞானேஸ்வரி சோற்றுக் கோப்பையை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"ஏன், என்ரை பிள்ளையைக் கயித்திலை கொழுவ வெக்கமோ? ஒருத்தர் சுவரிலை கிடந்ததைக் கழட்டி ஒளிச்சாச்சு. மற்றவ பதினாறு வருசமா எனக்கு மழைக்கதை கதைக்கிறா! உங்கடை பிள்ளையள் எண்டால் இப்பிடி இருப்பியளோ?"

செல்வநாயகம் தங்கச்சிமார் இருவரையும் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து மேசையில் வைத்தார். ஞானேஸ்வரி பறித்துப் பிரித்தாள். பின்வரிசையில் கோடு போட்ட சேட்டு. அதற்கு மேலே சதுரமாக ஓர் ஓட்டை.

"அந்த வருசம் ஆமியிட்டைப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனனான்," என்றார் அண்ணர். "தடுப்பு முகாம் வாசலெல்லாம் திரிஞ்சனான். தலைப்படம் இல்லாமல் ஒருத்தனும் விசாரிக்கமாட்டன் எண்டான். வெட்டிக் குடுத்தனான். உன்னட்டை ஒண்டு இருக்குத்தானே எண்டு நினைச்சன். ஓட்டையோடை என்னெண்டு சுவரிலை விடுறது? கழட்டினனான்."

கௌசலா சூட்கேசைத் திறந்து தன் பிரதியை எடுத்து வைத்தாள். அதிலும் அதே இடம் வெட்டுப்பட்டிருந்தது.

"காணாமற்போனாக்களைத் தேடுற வெளிநாட்டு நிறுவனம் ஒண்டுக்குத் தபாலிலை அனுப்பினனான் அக்கா. அங்கை மூலைக்கு மூலை கடை கிடக்கு, ஒரு கொப்பி எடுப்பமெண்டு அண்டைக்குப் புத்தி வரேல்லை. ஒரு மறுமொழியும் இல்லை. கையிலை ஒண்டும் இல்லாமல் உங்களிட்டை அவன்ரை கதையை என்னெண்டு எடுக்கிறது?"

ஞானேஸ்வரி தன் பைக்குள் கிடந்த பொலித்தீனைப் பிரித்து மூன்றாவதையும் பக்கத்தில் வைத்தாள். மூன்று சேட்டு, மூன்று ஓட்டை. ஓட்டைகளுக்குள்ளால் மேசைச்சீலையின் பூக்கள் தெரிந்தன.

"அடி மோட்டுச் சென்மங்களே! மூண்டு பேரிலை ஒருத்தருக்காவது மூளை வேலை செய்யேல்லையே!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே அழுதாள். பதினாறு வருசம் சேர்த்துவைத்த கோபத்தை இனி ஆர் தலையில் போடுவது? தேடியிருக்கிறார்கள். அவளைப் போலவே தேடியிருக்கிறார்கள், பாவிகள், வாய் திறக்காமல்.

அழுகை ஓய்ந்த பிறகு கௌசலாதான் மெல்லத் தொடங்கினாள். "அவனுக்குப் புருவத்திலை ஒரு வெட்டுக்காயம், என்ன அக்கா? இடது பக்கம்."

"வலது," என்றார் செல்வநாயகம். "சைக்கிளாலை விழுந்தவன். தையல் போட நான்தானே கொண்டுபோனனான்."

"இல்லை அண்ணை, இடது."

இருவரும் ஞானேஸ்வரியைப் பார்த்தார்கள். பெற்றவள் சொன்னால் கதை முடிந்தது. அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். இடமும் இல்லை, வலமும் இல்லை.

"எனக்குத் தெரியேல்லை," என்றாள். "அவன்ரை முகம் எனக்கு மறந்துபோச்சு."

அண்ணர் கதிரையை இழுத்து அவளை இருத்தினார். கௌசலா நிலத்தில் குந்தி அக்காவின் மடியில் தலையை வைத்தாள்.

"எனக்கும்தான் அக்கா," என்றாள். "உங்கடை படத்திலை அவனைப் பாக்கலாமெண்டுதான் இவ்வளவு தூரம் வந்தனான்."