முந்திக்கொண்ட இரங்கல்

மலர்வளையத்தை வாங்க இரண்டு கையும் தேவைப்பட்டதால், சின்னவள் ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தவள், மணியடித்ததும் அப்படியே வாசலுக்கு வந்திருந்தாள்.

"வீடு மாறி வந்துட்டீங்க போல. இங்க யாரும் இறக்கலையே," என்றாள்.

பூக்கடை ஆள் கைப்பேசியையும் கதவு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். "இதே விலாசம்தாங்க. 'அம்மா சொன்னாள்' புத்தக வட்டம்னு போட்டிருக்கே."

வளையத்தில் செருகியிருந்த அட்டையிலும் அதுதான் இருந்தது. 'எங்கள் எல்லோருக்கும் அம்மாவாக இருந்தவருக்கு, வாசகர்களின் அஞ்சலி.' சின்னவள் உள்பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளறையிலிருந்து, அம்மாவின் மூக்குக் குழாய்க்குப் போகும் ஆக்ஸிஜனின் 'உஸ்' சத்தம் வாசல்வரை கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

முன்னறையில் பெரியவள் மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"போயிடுச்சுடி." பெரியவளின் குரல் கம்மியிருந்தது. "ரெண்டு நாள் தாண்டுனாலே பெரிசுன்னு டாக்டர் சொன்னாருல்ல, அன்னைக்கே இரங்கல் பதிவை எழுதி வெச்சேன். அந்த நேரத்துல எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாதுன்னு. இந்த வாரத்துப் பதிவுகளோட அதுவும் வரிசையில சேர்ந்திருக்கு. காலையில தானாப் போயிடுச்சு. நான் பார்க்கும்போது ஊரே அழுதுட்டிருக்கு."

"அழிச்சிடு. தப்பா வந்துடுச்சுன்னு போடு."

"என்னன்னு போடறது? மன்னிச்சுக்கங்க, அம்மா இன்னும் சாகலைன்னா?"

அம்மா பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் ஆயுசைக் கழித்தவள். வரிசையில் நிற்கிற ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவாள். கதையில் வருகிற ஆட்களையும் அப்படித்தான். பெரியவளுக்கு வேலை போன சமயம், பொழுது போகாமல் இணையத்தில் ஒரு புத்தக வட்டம் தொடங்கினாள். ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம். ஒருநாள் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, அந்த வார நாவலின் நாயகனைப் பற்றி, "இவன் யோசிச்ச நேரத்துக்கு நாலு பாத்திரத்தைக் கழுவியிருக்கலாம்" என்றாள். பெரியவள் அதை அப்படியே போட்டாள். பற்றிக்கொண்டது. வட்டத்தின் பெயரே 'அம்மா சொன்னாள்' ஆயிற்று. பெரியவளை மேடைகளுக்குக் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, 'அம்மா சொன்னாள் அக்கா' என்றால் எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது ஒரு வாசிப்புச் செயலிக்காரர்கள் அவள் முகத்தையே தங்கள் விளம்பரமாக்கக் கேட்டிருந்தார்கள்.

ஆனால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, எழுத்தெல்லாம் கலங்கிப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சின்னவள், தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் வில்லை மாற்றி மாற்றிக் கொண்டுவந்து மாட்டிப் பார்த்தாள், பலனில்லை. அம்மா சொல்வது நின்றது. 'அம்மா சொன்னாள்' நிற்கவில்லை. அதற்கப்புறம் வந்ததெல்லாம் பெரியவளே எழுதியது. சின்னவளுக்கு அது தெரியும். அம்மா வாயில் இப்படியொரு வெல்லப்பாகு என்றைக்கு ஊறியது என்று கேட்க நினைத்ததும் உண்டு. கேட்கவில்லை. ஆக்ஸிஜன் அந்தப் பாகு கொண்டுவந்த பணத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

"செயலிக்காரர் கூப்பிட்டாரு," என்றாள் பெரியவள். "இன்னைக்கு சாயங்காலம் வட்டத்தோட ஆன்லைன் கூட்டத்தை அவங்களே இரங்கல் கூட்டமா நடத்தறாங்களாம். இப்பப் போய் உயிரோட இருக்காங்கன்னு சொன்னா, அப்ப அவங்களையே காட்டும்பாங்க. பேசச் சொல்லும்பாங்க. எல்லாத்தையும் தோண்டுவாங்கடி." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எப்படியும் இன்னைக்கு ஆயிடும்ல?"

சின்னவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டவளுக்கும் தான் கேட்டது காதில் விழுந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மலர்வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல், குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள் சின்னவள்.

மதியத்துக்குமேல் அம்மா கண் விழித்தாள். அணையப் போகிற விளக்கு நின்று எரியும் என்பார்களே, அந்தத் தெளிவு. சின்னவளுக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்படப் பயமாக இருந்தது.

"பூ வாசனை வருதே," என்றாள் அம்மா.

"பக்கத்து வீட்டுல ஏதோ விசேஷம்மா."

"விசேஷத்துப் பூ மாதிரி இல்லையே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "கண்ணாடியக் குடு. பெரியவ எங்க?"

"வேலையா இருக்கா. வருவா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அம்மா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே கண் செருகிவிட்டது. பெரியவள் வந்தது அதற்குப் பிறகுதான். கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அம்மாவின் பாதத்தைத் தொடப் போனவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். அவள் பார்வை ஆக்ஸிஜன் சிலிண்டரின் திருகியில் போய் நின்றது.

"இதை எவ்வளவுல வெச்சிருக்க?"

"டாக்டர் சொன்ன அளவுல."

"சும்மா கேட்டேன்."

அவள் போய்விட்டாள். கூடப் பிறந்தவளைப் பற்றி அப்படியா நினைப்பது என்று சின்னவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. ஆனாலும் நாற்காலியைச் சிலிண்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதன்பின் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் முன்னறையில், காணொளியில் முகம் தெளிவாகத் தெரிவதற்கான வட்ட விளக்கு எரிந்தது. பெரியவள் காதில் கழுத்தில் ஒன்றுமில்லாமல், முகம் கழுவி, உட்கார்ந்திருந்தாள். "கதவைச் சாத்திக்கடி. இருமினா கேட்கும்," என்றாள். சின்னவள் சாத்தினாள்.

"தெற," என்றது அம்மாவின் குரல். "மூச்சு முட்டுது."

திறந்தாள். கணினியிலிருந்து யார் யாரோ பேசுவது கேட்டது. ஒரு பெண் விசும்பினாள்.

"யாருடி செத்தது?"

"ஒரு... கதையில வர்றவம்மா. அதைப் பத்திப் பேசறாங்க."

"நல்லவளா?"

சின்னவள் அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். "நல்லவதாம்மா."

முன்னறையில் ஒரு ஆண்குரல், "துக்கம் ஒரு நதி, அதுல நீந்தக் கூடாது, மிதக்கணும்னு அம்மா சொன்னாங்களே, அதுதான் என்னை இன்னைக்கும் காப்பாத்துது," என்றது.

அம்மாவின் உதடு கோணியது. "இப்படியா பேசுவா ஒருத்தி? வாயில சுண்ணாம்பு தடவணும்." சிரிக்க முயன்று மூச்சுத் திணறினாள். சின்னவள் நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள். இன்னொரு குரல் பேசியது, இன்னொன்றும். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு எப்போது போயிற்று என்று சின்னவள் கவனிக்கவில்லை.

"பாவம்," என்றாள் அம்மா. "எல்லாத்தையும் அவ தலையில கட்டிட்டாங்க." பிறகு, "பெரியவளக் கூப்பிடு. திட்ட மாட்டேன்னு சொல்லு."

சின்னவள் சிலிண்டரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். எழுந்து நிலைப்படிக்குப் போனாள். அங்கிருந்து இரண்டு பேரையும் பார்க்க முடிந்தது. பெரியவள் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தாள். மூக்கு சிவந்து, கன்னமெல்லாம் நனைந்திருந்தது. தங்கையைக் கண்டதும் படத்தில் விழாதபடி மேசைக்குக் கீழே ஒரு விரலை உயர்த்தினாள். இரு.

சின்னவள் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள்: "அம்மா கூப்பிடுது." விரல் இறங்கவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்," என்றது செயலிக்காரரின் குரல்.

பெரியவள் தலை குனிந்தாள். வீடு அடங்கியது. அந்த அமைதியில் ஆக்ஸிஜனின் சீறலும், அதற்கு நடுவே அம்மாவின் மூச்சும் கேட்டன. ஒரு மூச்சு நீளமாக இழுத்தது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று. அதற்கடுத்தது வரவில்லை.

சின்னவள் கட்டிலுக்கு ஓடினாள். "அம்மா," என்றாள், மெதுவாகத்தான் சொல்ல முடிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் கண்கள் கதவைப் பார்த்தபடி இருந்தன. கண்ணாடியைக் கழற்றி, இமைகளை மூடி, கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டுவிடக் கூடாதே என்று துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். எதற்காக அடக்குகிறோம், யாருக்காக அடக்குகிறோம் என்று உடனே ஆத்திரமும் வந்தது.

அடுத்த அறையில் மௌனம் முடிந்திருந்தது. பெரியவளின் குரல் தழுதழுத்தபடி எழுந்தது. "அம்மா கடைசியா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க. நான் பக்கத்துல உட்கார்ந்து..."

சின்னவள் கையை நீட்டிச் சிலிண்டரின் திருகியை மூடினாள். இத்தனை நாள் அந்த வீட்டில் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த சீறல் நின்றது.

பேச்சும் நின்றது.

நாற்காலி நகரும் சத்தத்துக்காக, சின்னவள் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அக்கா, கேட்குதா?" என்று யாரோ கணினிக்குள்ளிருந்து கேட்டார்கள்.

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கேட்குது," என்றாள். "அம்மா கடைசியா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க," என்று முதலிலிருந்து தொடங்கினாள்.