பார்வைக்கு இல்லாத வீடு

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அண்ணி சொன்னது. சுற்றுலா போய்வந்த மறுநாள், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் எல்லாரையும் சிரிக்கவைக்கத்தான் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே சிரிப்பு நின்றுவிட்டது. நான் கை கழுவப் போனபோது பின்னாலேயே வந்தார்.

"தம்பி, இதை நீங்க எழுதுவீங்கன்னு தெரியும். எழுதுங்க. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க."

அங்கேதான் எனக்குச் சிக்கல். ஆட்களை நல்லவர்களாக்கித்தான் எனக்குக் கதையை முடித்துப் பழக்கம்.

2

முதல் தொடக்கம்: "மாலை வெயிலில் அந்தப் பழந்தெருக்கள் பொன்னாக மின்ன..."

வேண்டாம். சுற்றுலா விளம்பர வாடை.

நேராகவே சொல்கிறேன். வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகளை அந்த ஊரில் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு வேறு சாயம் பூசக்கூட அனுமதி வேண்டும். சில வீடுகள் பார்வைக்கு, மற்றவற்றில் குடித்தனம். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் அங்கே ஒரு வழக்கம்: கதவு திறந்திருந்தால் யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். குடியிருப்பவர்கள் எந்தப் புழுக்கத்திலும் சாத்தியே வைத்திருப்பார்கள்.

அண்ணி ஒரு திறந்த கதவைப் பார்த்தார்.

3

முன்னறையில் பெரிய மரக்கட்டில். வேலைப்பாடுள்ள அலமாரி. கட்டிலோரம் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி.

"எல்லாத்தையும் இவ்வளவு அழகா வச்சுட்டு, நடுவுல இதைப் போய் வச்சிருக்காங்க பாருங்க" என்று அண்ணனிடம் அலுத்துக்கொண்டு, வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். போட்டோவில் விழக்கூடாதல்லவா.

(காலால் என்பதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "காலாலதான் தள்ளினேன்" என்றார்.)

கட்டிலில் போர்வை அசைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கிழவர் இருமினார். ஈரக் கையோடு அவர் மகள் ஓடிவந்தாள்.

"அதைத் தள்ளாதீங்கம்மா. அப்பாவுக்கு வாந்தி வந்தா கைக்கு எட்டணும்."

"ஐயோ... கதவு திறந்திருந்துச்சு, அதான்..."

"அவருக்கு மூச்சு முட்டுது. கொஞ்சம் காத்து வரட்டும்னு இப்பதான் திறந்தேன்."

திட்டியிருந்தால் அண்ணியும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லித் தப்பித்திருப்பார். அவள் "பரவாயில்லை" என்றாள். இவர்கள் வெளியே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

4

நாலு எட்டு வைத்த பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது. அந்த மனுஷனுக்கு வந்த காற்றை அடைத்ததே நாம்தான். வெட்கம் பிடுங்கித் தின்ன, தட்டுவதற்காகத் திரும்பிப் போனார். தட்டினால் என்ன சொல்வது? மன்னிப்புக் கேட்கத்தான் என்றாலும் அவள் மறுபடி எழுந்து வரவேண்டும்...

பின்னாலிருந்து ஒரு கூட்டம் கேட்டது: "ஏங்க, இந்த வீடு எப்ப திறப்பாங்க?"

5

முடிவு ஒன்று: "இதுல ஆள் குடியிருக்காங்க, போங்க" என்று அண்ணி சத்தமாகச் சொல்ல, அது உள்ளே கேட்டுக் கதவு திறக்கிறது. உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அண்ணி நல்லவளாகிவிடுவார். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: வாசலிலேயே காவலுக்கு நின்று, "நீ திறந்து வைம்மா, நான் யாரையும்..."

அண்ணியா? வண்டிக்கு நேரமாச்சு என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. அண்ணி "தெரியலைங்க" என்றார். கூட்டத்தோடு கூட்டமாக நடந்துவிட்டார்.

6

இதுவரை வாசித்துவிட்டு அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார்: "நாங்க போனப்புறம் அவ கதவைத் திறந்திருப்பா இல்ல?"

எழுதுகிறவன் நான், ஒரு வரியில் திறந்துவிடலாம். கை வரவில்லை.

என்றாவது அந்த ஊருக்குப் போவீர்கள். ஏதோ ஒரு தெருவில் ஒரு கதவு திறந்திருக்கும். எட்டிப் பார்க்காமல் தாண்டிப் போங்கள். இந்தக் கதை அங்கே முடியட்டும்.