தூங்குகிறவனை எழுப்பிய கூட்டம்

கிரைன் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான். "விழிச்சவன் மேல கை வைக்கிறோம்னு சொன்னா ஒத்துக்காத." அவனுடைய மாடு கன்று போடும் நேரம். அதனால் தேவாலயக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்கு அவன் மனைவி ருலீன் தனியாகப் போனாள்.

கடலைவிடத் தாழ்ந்த நிலத்தில் வாழும் ஸேலாந்துக்காரர்கள், கடலைத் தடுக்கக் கட்டிய கரைக்கும் பெயர் வைக்கிற ஜாதி. கடலை முட்டி நிற்கும் கரை விழித்தவன். வயல்களுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய கரை தூங்குகிறவன். இரண்டுக்கும் நடுவில்தான் கிரைனின் வீடும் பேரிக்காய்த் தோட்டமும். ருலீன் மணல்மேட்டு ஊரில் பிறந்தவள். வாழ வந்து இத்தனை வருஷமாகியும், கரை என்றால் அவளுக்கு ஆடு மேய்கிற மேடு, அவ்வளவுதான்.

கூட்டத்தை நடத்திய கரைப் பராமரிப்பு அதிகாரி நல்ல மனுஷன். காபி கொடுத்தார், படம் காட்டினார். கடல் ஏறுகிறது, நிலம் இறங்குகிறது, இனி தண்ணீருக்கும் இடம் ஒதுக்கித்தான் நிலத்தைப் பிரிக்க வேண்டும் என்றார். படத்தில் நீலம் எது, பச்சை எது என்று புரிவதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. ஒன்று மட்டும் அவள் காதில் தெளிவாக விழுந்தது.

"விழிச்சவனை நாங்க தொடப்போறதில்ல. தூங்குறவனை எழுப்பி, உசத்திக் கட்டப்போறோம்."

ஒன்றுக்கு இரண்டாகக் காவல். கரும்பு தின்னக் கூலியா வேண்டும்? ருலீன் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. கிரைன் வீட்டுக்காரியே சம்மதித்துவிட்டாள் என்றதும் தூங்குகிறவனுக்கு உள்பக்கம் குடியிருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். அவர்களில் ஒருத்தியான பீட்டர்னெல்லா வாசலில் அவள் கையைப் பிடித்து, "உனக்குப் பெரிய மனசு" என்று கண்கலங்கினாள். இதில் அழ என்ன இருக்கிறது? வழி முழுக்க ருலீனுக்கு அதே குழப்பம்.

கன்று நல்லபடியாகப் பிறந்திருந்தது. கிரைன் சமையலறையில் கை கழுவிக்கொண்டே நடந்ததைக் கேட்டான். கை சுத்தமான பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"தொட மாட்டோம்னா சொன்னாங்க?"

"ஆமா. நீ கேட்டதும் அதானே?"

"தொட மாட்டாங்கன்னா பழுதும் பாக்க மாட்டாங்க, ருலீன். அது பாட்டுக்குக் கரைஞ்சு போகட்டும்னு விட்டுருவாங்க. தூங்குறவன் எழுந்துட்டா, இனிமே அவன்தான் காவல்."

புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. முன் ஜன்னலில் பார்த்தாள், ஒரு கரை. பின் ஜன்னலில் பார்த்தாள், இன்னொரு கரை. இரண்டிலும் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப நாம எங்க இருக்கோம்?"

கிரைன் குழாயை மூடினான். அடுப்பையும் மேசையையும் அவளையும் ஒரு முறை பார்த்தான்.

"வெளிய," என்றான்.