பதினெட்டாம் நாள் முட்டைகள்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா. ஓட்டுக்குள்ளே மூச்சு முட்டிக் கிடந்த உயிர்களின் கதை ஒன்று சொல்கிறேன்.

சங்ககிரிப் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்க வைக்கும் ஹேச்சரி ஒன்று. அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் தஸ்னீம். ஒரு மத்தியானம் கரண்டு போய், ஜெனரேட்டர் ஓடி, எல்லாம் வந்தது. நாலாம் அறைக் காற்றாடிகள் மட்டும் வரவில்லை. அவற்றை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. எழும்போதெல்லாம் ஆபீஸ் சர்வரிடம் கேட்டு, ஒயர் வழியாகப் புரோகிராமை வாங்கித்தான் வேலையைத் தொடங்கும். அன்றைக்குக் கேட்டன, கேட்டன, கேட்டுக்கொண்டே இருந்தன.

உள்ளே பதினெட்டாம் நாள் முட்டைகள். அந்த வயதில் குஞ்சின் உடம்புச் சூடே அதிகம். காற்று ஓடாவிட்டால் உள்ளேயே வெந்துபோகும். கதவுகளைத் திறந்து வைத்தும் போதவில்லை.

தஸ்னீம் சர்வரை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஒயரை மாற்றினாள். சர்வரோ அனுப்பினேன், அனுப்பினேன் என்றே எழுதிக் காட்டியது. தட்டியதையே திரும்பத் தட்டினாள்.

சூடு காட்டும் திரையும் இருண்டு கிடந்ததால், அங்கே வேலை செய்யும் சென்னியம்மாளை அறைக்குள் நிறுத்தி, சூடு ஏறினால் போன் பண்ணச் சொல்லியிருந்தாள். போன் அடித்தது. தெரியாத எண். கட் செய்தாள். இப்படி நாலு தடவை. லோன் வேணுமா என்று கேட்கிறவன் எவனோ என்று பல்லைக் கடித்தாள்.

மூச்சிரைக்க வந்து நின்றாள் சென்னியம்மாள். கையில் ஒரு முட்டை.

"ஏனுங்க சாமி, நாலு வாட்டி கூப்புட்டனுங்க. கட் பண்ணிப்போட்டீங்களே? முட்டைய இமை மேல வெச்சுப் பாத்தேன், சுடுதுங்க."

"உங்க நம்பர்ல இருந்து வரலியேக்கா."

"அதுல ரீசார்ஜ் தீந்துபோச்சுங்க. அதே போனுதான், இன்னொரு சிம்மு. நானென்ன வேத்தாளுங்களா?"

தஸ்னீம் சட்டென்று சர்வர் பக்கம் திரும்பினாள். போன வாரம் கேமராக்களுக்காக அதே சர்வருக்கு, இரண்டாவது போன் நம்பர் மாதிரி, இரண்டாவது ஐ.பி. முகவரி கொடுத்தவள் அவளேதான். குட்டிக் கம்ப்யூட்டர்கள் கேட்பது பழைய முகவரியில். பதில் போவது புது முகவரியிலிருந்து. யாரோ வேற்றாள் என்று அவையும் கட் செய்துகொண்டிருந்தன.

பழைய முகவரியிலிருந்தே பதில் போகும்படி ஒரே ஒரு வரியை மாற்றினாள். அல்லாவை அழைத்தபடி சர்வரைத் திரும்பக் கிளப்பினாள். காற்றாடிகள் ஒவ்வொன்றாக உறுமின.

மூன்றாம் நாள் கீழ்த் தட்டுகளெல்லாம் கீச்கீச்சென்றன. மேல் தட்டுகள் இரண்டில் சத்தமே இல்லை. அவற்றை யாரையும் தொடவிடாமல் தஸ்னீம் தானே எடுத்துப் போட்டாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, சென்னியம்மாளின் இரண்டாவது எண்ணையும் பெயர் போட்டுப் பதிந்துகொண்டாள்.

உங்க ஊட்டுல ஒரு உயிருக்கும் மூச்சு முட்டாமல் இருக்கட்டும். நீங்கள் தவித்துக் கூப்பிடும் நேரத்தில் உங்கள் மனிதர்கள் போனை எடுக்கட்டும், கண்ணுகளா.