முட்டை போட்ட சுவர்

கடப்பாரை என்றால் அந்தப் பக்கத்தில் இரும்புக் கம்பி அல்ல, ஆள். கட்டடம் இடிப்பது அவர் தொழில். கோபம் அவர் பொழுதுபோக்கு. அவர் வீட்டின் மூன்று கதவுகளும் மூன்று நிறத்தில் இருப்பதைப் புதிதாக வருகிறவர்கள் ரசனை என்று நினைத்துக்கொள்வார்கள். பழைய கதவுகளை அவரே சண்டைக்கு ஒன்றாக உதைத்துப் பிளந்துவிட்டு, இடிக்கப் போன வீடுகளிலிருந்து மாற்றுக் கதவு கொண்டுவந்து மாட்டியிருந்தார். வீட்டு ஆட்கள்மேல் கை வைக்காமல் கதவோடு நிறுத்திக்கொள்கிறோமே என்று அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கதவுக்கு வாய் இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருக்கும்.

அவர் தொழிலில் எழுத்து இரண்டுதான். இடிக்க வேண்டிய சுவரில் சாக்பீஸால் பெருக்கல் குறி. நிற்க வேண்டிய சுவரில் வட்டம். வட்டத்துக்கு ஆட்கள் வைத்த பெயர் முட்டை. பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கி வெளியே வந்தவர்களே அதிகம் என்பதால் அந்தச் சொல்லின்மேல் அவர்களுக்குப் பழைய பாசம். ‘முட்டையைத் தொட்டா மண்டை உடையும்’ என்பதுதான் அவர்களுடைய மொத்தப் பாதுகாப்பு விதியும். மேலே இருக்கிற பாரத்தை முட்டை போட்ட சுவர்தான் தாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருடமாகக் குறி போடுவது அவருடைய மகள். விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவாள், காதை வைப்பாள், அண்ணாந்து உத்தரத்தைப் பார்ப்பாள், அப்புறம்தான் சாக்பீஸை எடுப்பாள். அவள் போட்ட முட்டை ஒன்றுகூட இதுவரை கூமுட்டை ஆனதில்லை.

அவளுக்கு இப்போது இரண்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. ஒன்று ஆறு மணி நேரப் பயணத்தில் இருந்தது. முழு உதவித்தொகை, படிப்பு, விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாமே அவர்கள் பொறுப்பு. இன்னொன்று உள்ளூரிலேயே, கண்ணாடிக் கட்டடமும் வாசலில் நீரூற்றுமாக. நீரூற்றுக்கும் சேர்த்துத்தான் அங்கே பணம் வாங்குகிறார்கள் என்பது கடப்பாரையின் மைத்துனன் கட்சி. மனைவியின் தம்பியான அவன்தான் அவர்களிடம் இருந்த ஒரே உடைப்பு மெஷினைப் பன்னிரண்டு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடிக் கல்லூரி என்றால் மெஷினை விற்க வேண்டும்.

“சும்மா குடுக்கறான்னா உள்ள எங்கயோ விரிசல் இருக்குன்னு அர்த்தம். நல்ல தேக்குக் கதவை எவனாவது சும்மா குடுப்பானா?” என்பார் கடப்பாரை.

“நம்ம வீட்டுல மூணு மாட்டியிருக்கீங்களே,” என்பாள் மனைவி.

உண்மைக் காரணம் வேறு. பத்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கண்ணாடிக் கல்லூரியின் பழைய விடுதியை இடித்தது அவர்தான். பத்தொன்பது நாளும் அவரைப் பின்வாசல் வழியாகத்தான் விட்டார்கள். கடைசி நாள் முன்வாசலில் கால் வைத்தவரை, காவலாளி நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். கடப்பாரை அவன் மூக்கைத் தட்டையாக்கிவிட்டு வந்தார். ஆனாலும் மூக்கு வேறு, வாசல் வேறு. அந்த வாசலில் மகள் நுழைய வேண்டும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பதில் தர வேண்டிய கடைசி நாள் காலையில், இரண்டு கல்லூரிக்கும் பொதுவான சேர்க்கை அலுவலகத்தின் படிவத்தை மகள் மேசைமேல் வைத்தாள்.

“நான் போட்டுட்டேன்ப்பா. கீழ உங்க கையெழுத்து வேணும். மத்தியானம் சைட்டுக்கு வந்துடறேன், சேர்ந்தே போய்க் குடுத்துடலாம். அஞ்சு மணிக்குள்ள குடுக்கணும்.”

அவள் போனபிறகுதான் அவருக்குப் பார்க்கத் தைரியம் வந்தது. இரண்டு கல்லூரிப் பெயர்கள், எதிரே இரண்டு கட்டங்கள். உதவித்தொகைக் கல்லூரிக்கு நேராக, அவருக்கு நன்றாகத் தெரிந்த கையால், அழுத்தமாக ஒரு பெருக்கல். கண்ணாடிக் கல்லூரியின் கட்டம் தொடப்படாமல் நின்றது.

“இடிச்சுட்டா,” என்றார் தனக்குள். கண் கலங்கியது, தூசி என்று சொல்லக்கூட அங்கே தூசி இல்லை. மேலே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் மகளுக்கு மட்டும்தான். கையெழுத்துப் போட்டார். அடுத்த நிமிடமே மெஷின் வாங்குகிறவனுக்குப் போன் போட்டார்.

சைட் ஒரு பழைய அச்சகம். மைத்துனன் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கடப்பாரை படிவத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். அவனுக்கும் எழுத்து இரண்டுதான்.

“பாப்பாவ மிரட்டிப் போட வச்சீங்களா மச்சான்?”

“அவளே போட்டது.”

“நேத்து என்கிட்ட வேற மாதிரில்ல சொன்னா.”

“நேத்து நேத்தோட போச்சு. சாயங்காலம் ஆள் வர்றான், மெஷின துடைச்சு வை.”

“எந்த மெஷின?”

“நம்மகிட்ட பத்தா இருக்கு?”

மைத்துனன் எண்ணெய் டப்பாவை நிதானமாகக் கீழே வைத்தான். அந்த நிதானத்தைப் பார்த்தாவது கடப்பாரை உஷாராகியிருக்கலாம். முதல் குத்து வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று பாதியாக உடைந்து நாக்கில் உருண்டது. அதைத் துப்பிவிட்டு, மைத்துனனின் தலைமுடியைப் பிடித்து ஜன்னல் சட்டத்தில் மோதினார். சட்டத்தில் மிச்சமிருந்த கண்ணாடி அவன் காதை நீளமாகக் கிழித்தது. ரத்தம் கழுத்தில் இறங்கிச் சட்டையை நனைத்தது. அவன் வலியில் கத்தவில்லை. குனிந்து அவர் வயிற்றில் தலையால் முட்டினான். இரண்டு பேரும் செங்கல் குவியலில் புரண்டார்கள். முழங்கை விலாவில் இறங்கியது. விரல் கண்ணைத் தேடியது. ஒருவர் தொண்டை ஒருவர் கையில் இருந்தது.

“பன்னெண்டு வருஷம்,” என்றான் மைத்துனன் மூச்சுக்கு நடுவில். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களாய்யா?”

ஆட்கள் எட்டுப் பேர் இருந்தார்கள். இடிக்கிறவர்களுக்கு விலக்கிவிடத் தெரியாது; தூசி படாத தூரத்தில் நிற்கத் தெரியும். நின்றார்கள்.

மைத்துனன் கையில் ஒரு கம்பி அகப்பட்டது. அது கடப்பாரையின் தோளில் விழுந்தபோது கடப்பாரையே கடப்பாரையால் அடி வாங்குகிறார் என்று ஒருத்தன் பின்னால் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அவர் கை சம்மட்டிக்குப் போய்விட்டது. தலையைக் குறிவைக்கவில்லை என்று பிற்பாடு அவர் எத்தனையோ தரம் சொன்னார். மைத்துனன் மட்டும் குனியாமல் இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே வேலை இருந்திருக்காது.

குனிந்தான். சம்மட்டி அவன் பின்னால் இருந்த சுவரில், சாக்பீஸ் முட்டையின் நட்டநடுவில் இறங்கியது.

முதலில் ஒரு முனகல். அப்புறம் மேல் உத்தரம் ஒரு பக்கம் சாய்ந்து, கூரையின் ஒரு மூலையை இழுத்துக்கொண்டு வந்தது. தூசி அடங்கியபோது மைத்துனன் முழங்காலுக்குக் கீழே உத்தரத்தின் அடியில் சிக்கிக் கிடந்தான். உடைந்த தாடை என்றால் கடப்பாரை எத்தனையோ பார்த்திருக்கிறார். காலின் உள்ளிருந்து ஓர் எலும்பு வெள்ளையாக வெளியே எட்டிப் பார்ப்பதை அன்றுதான் பார்த்தார்.

அவர் உத்தரத்தைத் தூக்கப் பாய்ந்தார்.

“அதத் தொடாதீங்க.”

வாசலில் மகள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. “அத எடுத்தா மிச்சமும் வரும். ஜாக்கி இங்க. முட்டுக் கட்டை அங்க இல்ல, இந்த மூலைக்கு. அப்பா, நான் சொல்றப்ப மட்டும் தூக்குங்க.”

கடப்பாரை வாழ்க்கையில் முதல்முறையாக, பிறர் சொன்னபோது மட்டும் தூக்கினார். உத்தரம் நான்கு விரல் எழும்பியது. மைத்துனனை உருவி எடுக்கிற நேரத்தில் ஒரு முட்டுக் கட்டை வழுக்கி அவள் வலது மணிக்கட்டில் அடித்தது. சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, “இழுங்க,” என்றாள்.

வண்டி வருவதற்காகக் காத்திருந்தபோது, சுவரில் பிளந்து கிடந்த தன் முட்டையை அவள் பார்த்தாள். அப்புறம் அவர் காலடியில் ரத்தத்தில் ஊறிக் கசங்கிக் கிடந்த காகிதத்தை.

“எதுக்கு இந்தச் சண்டை?”

“நீ அந்தக் காலேஜுக்குப் பெருக்கல் போட்டதுக்கு,” என்றார் அவர். “இவனுக்குப் பொறுக்கல.”

“அதுலதானப்பா சேரப் போறேன். வேணுங்கற கட்டத்துல பெருக்கல் போடணும்னு மேலயே எழுதியிருக்கே.”

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். எலும்பு வெளியே தெரியக் கிடந்த மைத்துனன் கண்ணைத் திறந்தான். “அப்ப நான் ஜெயிச்சுட்டேனா மச்சான்?” என்று கேட்டுவிட்டு மயங்கிப்போனான்.

கடப்பாரைக்குள் மறுபடி எழுந்தது. உடைந்த பல், பின்வாசல், பத்தொன்பது நாள், எல்லாம் சேர்ந்து வலது கையில் ஏறின. கை ஓங்கிவிட்டது. சுற்றுமுற்றும் எங்கேயும் கதவு இல்லை. அவள் பின்னால் நகரவில்லை.

“அடிங்க. ஏற்கெனவே ஒரு முட்டைய உடைச்சாச்சு.”

கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு, யாருடையதோ போல, கீழே வந்தது.

“காசுக்காகவா போற?” என்றார். குரல் உடைந்த பல்வழியே காற்றாக வந்தது. “நான் கட்டுவேன்டி.”

“காசு மிச்சம், வேண்டாம்னு சொல்லல. ஆனா அங்க ஒரு லேப் இருக்குப்பா. தூணையும் உத்தரத்தையும் அமுக்கி அமுக்கி, எப்ப உடையுதுன்னு பாக்கறாங்க. ஒரு கட்டடம் ஏன் விழுது, எது நிக்கும்னு அதான் படிப்பு. நான் விரலால தட்டிப் பாக்கறேன்ல, அத அங்க கணக்கா சொல்லித் தருவாங்க. கண்ணாடிக் காலேஜ்ல அது இல்ல.” மணிக்கட்டை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டாள். “அப்புறம், அது சும்மா குடுத்ததும் இல்ல. நாலாயிரம் பேர் எழுதின பரீட்சைல நான் உடைச்சு எடுத்தது.”

உடைத்து எடுத்தது என்றால் அவருக்குப் புரியும். இடிப்புத் தொழிலில் அதைவிட நியாயமான சம்பாத்தியம் கிடையாது.

மைத்துனனை வண்டியில் ஏற்றினார்கள். மனைவி நேராக ஆஸ்பத்திரிக்கு வருவதாகப் போனில் சொன்னாள். வேறு என்னென்ன சொன்னாள் என்பதை அவர் யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. மகள் வண்டியில் ஏறவில்லை.

“மணி நாலேகால்.”

“கை ஒடிஞ்சிருக்குடி.”

“அஞ்சேகாலுக்கும் ஒடிஞ்சுதான் இருக்கும். படிவம் அஞ்சுக்கு.”

சேர்க்கை அலுவலகத்தில் வரிசை தானாக விலகி வழி விட்டது. சுண்ணாம்புத் தூசி, ரத்தம், பாதிப் பல்லோடு ஒரு மனிதர் வந்தால் யாரும் டோக்கன் கேட்பதில்லை. கவுண்டரில் இருந்த அம்மா நனைந்த படிவத்தை விரல் நுனியால் வாங்கி, அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதியது ஒன்றைத் தந்தார்.

மகளின் கை வீங்கி விரல்கள் மடங்கவில்லை. “நீங்களே போடுங்கப்பா.”

கடப்பாரை பேனாவைச் சம்மட்டியைப் போலப் பிடித்தார். உதவித்தொகைக் கல்லூரியின் கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். மகள் சேரப்போகிற இடம். நிற்க வேண்டிய இடம். நாக்கைத் துருத்திக்கொண்டு, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் உருண்டையாக, அழகாக, ஒரு முட்டை போட்டார்.

“என்னங்க இது?” என்றார் கவுண்டர் அம்மா. “பெருக்கல் குறி போடணும். இது செல்லாது.”

“இதுதாம்மா நிக்கும்.”

“செல்லாதுங்க.”

இன்னொரு படிவம் வந்தது. மணி நாலு ஐம்பது. அவர் பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தார். பேனா அங்கேயே நின்றது. முப்பது வருடத்தில் எத்தனை சுவரில் இதைப் போட்டிருப்பார், ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. பெருக்கல் போட்ட எதுவும் மறுநாள் நின்று அவர் பார்த்ததில்லை.

“அப்பா,” என்றாள் மகள். “இங்க வேற பாஷை. போடுங்க.”

ஒரு கோடு போட்டார். மூச்சு விட்டுக்கொண்டார். குறுக்கே இன்னொன்று.

கவுண்டர் அம்மா படிவத்தை வாங்கி, முத்திரையை எடுத்து ஓங்கி ஒரே குத்தாகக் குத்தினார். அந்தச் சத்தத்துக்குக் கடப்பாரையின் உடம்பு தூக்கிப் போட்டது. ஒரு கை தானாகப் போய் மகளின் தலைக்குமேல் குடையாக நின்றது. அவர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

எதுவும் விழவில்லை.